கட்டும் முன் ஒரு சொல்

பிள்ளைகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு ஜெகதாப்பட்டினம் திரும்பும் ஒரு கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். பஸ் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

"ராத்திரி கட்டில்ல என் கையக் கட்ட நைலான் கயிறு வேணாங்க, அறுத்துரும். என் நூல் சேலையில கட்டுங்க," என்றாள் அவள்.

"மீன்புடி போட்டுல கயிறு இழுத்த கை இது. ஒன்னய இறுக்கிருவேனோன்னு பயமா இருக்கு."

"ரெண்டு வெரல் உள்ள போற மாதிரி கட்டுங்க. கத்திரிக்கோல் பக்கத்துலயே இருக்கட்டும்."

"நீ வெளையாட்டுக்கு 'விடுங்க'ன்னு சொல்றியா, நெசமாவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் யோசித்தாள். "'கெளுத்தி'ன்னு மீன் பேரச் சொன்னா நெசம். ஒடனே அவுத்துரணும்."

"அந்நேரம் கெளுத்தின்னா நான் சிரிச்சிருவேன்."

"சிரிச்சுக்கிட்டே அவுத்து விடுங்க."

இருவருக்கும் தோள் குலுங்கியது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மொதல்ல நீ என்னையக் கட்டு. எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நான் ஒன்னயக் கட்டுவேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"எனக்கு முடிச்சுப் போடத் தெரியாதுங்களே."

"சொல்லித் தாரேன்," என்று தோளில் கிடந்த துண்டை அவள் மடியில் வைத்துவிட்டு, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார்.