தம்பி ஊட்டின கேக்கு

இல்லம்மா, நர்ஸையெல்லாம் கூப்பிடாதே. அந்த பாத்ரூம் கதவ மட்டும் சாத்து. இப்படியே செவுத்துல சாஞ்சு கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடும். நெஞ்சு படபடன்னு அடிக்குதுதான். பயப்படாதே, மாரடைப்பெல்லாம் இல்ல. எனக்குப் பழகின கூத்து.

தண்ணியா? ஐயோ வேண்டாம், இப்ப குடிச்சா குடலே வெளிய வந்துடும். எனக்குச் சாப்பாடு தனி, தண்ணி தனி. ரெண்டும் உள்ள சந்திச்சா அடிதடிதான்.

நீ பக்கத்துக் கட்டில்காரரோட மகதானே? அப்ப பாத்திருப்பியே, என் தம்பி கேக்க எடுத்து என் வாயில ஊட்டுனத. அதான் வினை. என் வயித்த வெட்டி, வாழைப்பழம் அளவுக்குத் தச்சு வச்சிருக்காங்கம்மா. இனிப்பு போனா நிக்க எடமில்லாம நேரா குடலுக்கு ஓடிடும். அப்புறம் வேர்வை, பொரட்டல், கண்ணு இருட்டும், எல்லாந்தான்.

தெரிஞ்சேதான் தின்னேன். என்ன பண்றது, நடந்து நடந்தே எளைச்சேன்னு அவன்கிட்ட அளந்து விட்டிருக்கேனே. அக்காவுக்கு க்ரீம்னா உசுருன்னு, படுக்கையில கெடந்துக்கிட்டே சிநேகிதன்கிட்ட வாங்கியாரச் சொல்லியிருக்கான். வேண்டாம்னு தலையாட்டினா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவான்.

இரு, யாரு வெளிய? அவன் குரலா? பாரு, மெதுவாப் பாரு.

இல்லையா. சரி, உக்காரு. அவன் மட்டும் என்ன இப்படிப் பாத்தா அவ்வளவுதான்.

ஆமா, அவனுக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் தெரியும், இப்ப உனக்கும். வாயத் தொறந்துடாதே தாயே.

அழகுக்கா? நல்லாக் கேட்ட போ. இந்த வயசுல எந்த மேடையில ஏறப் போறேன்? குண்டா சந்தோஷமாத்தாம்மா இருந்தேன். அந்த எடையோட என் கிட்னிய எடுத்துத் தம்பிக்கு வைக்க முடியாதுன்னுட்டாங்க டாக்டருங்க. பட்டினி கெடந்தேன், நடந்தேன், ஒண்ணும் எறங்கல. அவனுக்கோ ஒடம்பு போய்க்கிட்டே இருக்கு. அதான் சீக்கிரம் எளைக்கணும்னு வயித்த வெட்டிக்கிட்டேன். தெரிஞ்சா, எனக்காக ஒரு தடவ வயித்தக் கிழிச்சுக்கிட்டது போதும்க்கான்னுட்டு, நாளைக்கு ஆபரேஷனுக்கே வரமாட்டான். அவ்வளவு பிடிவாதம்.

ம், படபடப்பு அடங்குது. கையக் குடு, எழுப்பி விடு. மூஞ்சியக் கழுவிட்டுச் சிரிச்ச மாதிரி போகணும். எனக்குன்னு இன்னொரு துண்டு மூடி வச்சிருக்கான்.