மதிப்பெண் படிக்கும் வரை

வெள்ளைக் கால்சட்டையில் துருக்கறை படிந்துவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும். தேய்த்து வெயிலில் அரை மணி நேரம் போட்டால் போய்விடும். கடையில் விற்கிற மருந்துத் தண்ணீரெல்லாம் துணியை அரித்துவிடும். முப்பத்தொரு வருடமாக கோல் கிரீக் கிரெனடியர்ஸ் குழுவின் சீருடைகளை நான்தான் துவைக்கிறேன், தைக்கிறேன், இஸ்திரி போடுகிறேன். மைதானத்தில் இறங்கினால் பித்தளைத் தாளத்தட்டு என் கையில். லியோனா ஹடக், வயது அறுபத்தாறு என்று எழுதிக்கொள்ளுங்கள். காபிக்குச் சர்க்கரை வேண்டாம். எனக்கு அது ஆகாது.

ஆலியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். நடுவில் குறுக்கிடாமல் இருந்தால் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

எங்கள் மாதிரிக் குழுக்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முரசும் பியூகிள் என்கிற ஊதுகொம்பும் மட்டும்தான். வாசித்துக்கொண்டே அணிவகுத்து நடக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தனிப் போட்டி உண்டு, அதற்குக் கூட்டம் அலைமோதும். எங்களுடையது பெரியவர்களுக்கு. லாரி ஓட்டுகிறவர், பல் மருத்துவர், பள்ளிக்கூடத்துச் சமையல்காரி எல்லோரும் ஒரே சீருடையில் நிற்போம். நான் சேர்ந்தபோது இந்த நிலக்கரி மலைப்பக்கத்தில் மட்டும் பத்தொன்பது குழுக்கள் இருந்தன. போன வருடம் மூன்று.

எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கு வயிறு எரியும். ஒருத்தனுக்கு முழங்கால் வலி. ஒருத்திக்குப் பேத்தியின் பிறந்தநாள். பெர்னி யூரிக் இருபத்திரண்டு வருடம் என் பக்கத்தில் நின்று பியூகிள் ஊதியவன், போனில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு விலகினான். "இனிமே ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போறேன், மன்னிச்சுக்கோ." மன்னிக்கவில்லை. அவனுடைய சீருடையைக் கிழித்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டேன். நல்ல கம்பளித் துணி, தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது.

சிறிய குழுக்களுக்கு விதி ரொம்ப எளிது. குறைந்தது பத்துப் பேர் வேண்டும். மூன்று குழுக்களாவது வந்தால்தான் மதிப்பெண்ணும் கோப்பையும். எல்லோரும் வாசித்து முடித்த பிறகு எல்லாக் குழுக்களும் மறுபடி மைதானத்துக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். மதிப்பெண் படித்து முடிக்கும் வரை ஒருவரும் அசையக் கூடாது. பத்தில் ஒன்று குறைந்தால் தண்டனைப் புள்ளி. நாங்கள் சரியாகப் பத்துப் பேர்.

போன வருடம் மதிப்பெண் படிக்கும்போது ஆலி வரிசையை விட்டுப் போனார். அலோய்சியஸ் ட்ரோஸ்ட், எல்லோருக்கும் ஆலி. எழுபத்து நான்கு வயது, பெரிய முரசு அவருடையது. இதயம் பலவீனமாக இருந்ததால் உடம்பில் நீர் சேராமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டார். அது அடிக்கடி ஒதுங்க வைக்கும். முரசைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு, வெள்ளைக் கால்சட்டையோடு கழிப்பறைப் பக்கம் ஓடினார். போட்டியை நடத்துகிற லொரைன் ஃபெட்டரால்ஃப் மைக்கில் சொன்னாள்: "கிரெனடியர்ஸோட முரசுக்காரர் அவசர வேலையா போறார், வழி விடுங்கப்பா." கூட்டமே சிரித்தது. முதலிடத்தில் இருந்தவர்கள் கடைசிக்குப் போனோம்.

ஆலியும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"போனாப் போகுது லியோனா. ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதுக்காக நான் கால்சட்டைய நனைச்சிருக்கணுமா?"

"ஆமா," என்றேன். "நனைச்சா நான் துவைச்சுத் தந்திருப்பேன்."

நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

இந்த ஏப்ரலில், ஒத்திகை முடிந்து எல்லோரும் பியரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஃப்ளோரிடாவுக்குப் போகப்போவதாக அறிவித்தார். மகள் டெனீஸ் அங்கே இருக்கிறாள். வீட்டுப் பின்பக்கம் அவருக்கு ஒரு அறை கட்டியிருக்கிறாளாம். செப்டம்பர் போட்டி ஞாயிற்றுக்கிழமை, கிளம்புவது செவ்வாய்க்கிழமை. எல்லோரும் கை தட்டினார்கள். பத்தில் ஒன்று போனால் ஒன்பது, ஒன்பது பேரை எந்தப் போட்டியிலும் சேர்க்க மாட்டார்கள் என்று அந்த மேஜையில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நான் தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன். கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

மனைவி தெரசா இறந்து போன பிறகு அவர் மாத்திரைகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். கண்ணில் புரை விழுந்து எழுத்து தெரியாது. ஞாயிறுதோறும் ஒத்திகைக்குப் பிறகு, ஏழு நாள் மூடி போட்ட டப்பாவை நிரப்பிக் கொடுப்பேன். அவர் ஒரு முறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. மே மாதக் கடைசியில் அந்த நீர் மாத்திரையை எடுத்துவிட்டு, நான் காபியில் போட்டுக்கொள்ளும் இனிப்பு மாத்திரையைப் போட்டேன். அதே அளவு, அதே வெள்ளை. முதலில் ஒத்திகை நாளுக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடுவது உடம்புக்குக் குழப்பம் என்று பட்டது. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

"மாத்திரை இனிக்குதே," என்றார் ஒரு நாள்.

"கம்பெனி மாத்திட்டான். கசந்தா ஒரு பாட்டு, இனிச்சா ஒரு பாட்டா? முழுங்கு."

"நீ இல்லேன்னா நான் என்ன ஆவேனோ மகராசி," என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

ஜூனில் ஒத்திகை முழுவதும் நின்றார். ஒரு தடவைகூட ஒதுங்கவில்லை. எனக்கு எவ்வளவு திருப்தி என்று சொல்லி முடியாது. ஜூலையில் கணுக்கால் வீங்கியது. சீருடை என் பொறுப்பு, ஆகவே கால்சட்டையின் அடித் தையலைப் பிரித்து உள்ளே ஒரு பட்டைத் துணி வைத்துத் தைத்தேன். வெளியே தெரியாது. பழைய பெட்டியிலிருந்து இரண்டு அளவு பெரிய பூட்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஆகஸ்டில் இடுப்பும் போதவில்லை. பின்பக்கம் கூம்பாக ஒரு துண்டு வைத்தேன், மேல்கோட்டு மறைத்துக்கொள்ளும். அந்த வேலையைக் கடையில் கொடுத்தால் இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டார்கள். உங்களிடம் அந்தக் கால்சட்டை இருக்குமே, புரட்டிப் பாருங்கள்.

மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறேன் என்றார். தலையணை இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டரைப் பார்க்க ஆகஸ்டு பதினேழு என்று நாள் குறித்திருந்தது. அது முழு ஒத்திகை நாள். நான் போன் செய்து, அவர் சார்பில், அக்டோபருக்கு மாற்றச் சொன்னேன். எங்கள் பியூகிள்காரர் பல் மருத்துவர் ஒருமுறை வாயைத் திறந்தார்: "லியோனா, ஆலி மூஞ்சியே சரியில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" "நீ பல்லைப் பாரு," என்றேன். அதோடு சரி. டெனீஸ் எனக்குப் போன் செய்தாள். "ஆன்ட்டி, அப்பா பேசும்போது பாதியில மூச்சு நிக்குது. ஒழுங்காத்தானே இருக்காரு?" வெயில் அதிகம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போட்டி நாளுக்கு வருகிறேன்.

மதியம் வண்டிகளை நிறுத்தினோம். நான் தண்ணீர்ப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது லொரைன் தனியாக வந்தாள். அவள் முகம் பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தது.

"மூணாவது குழு வரல லியோனா. காலையில போன் பண்ணினாங்க, ஆறு பேருதான் தேறுதாம். ரெண்டு குழுவை வச்சு மார்க் போட முடியாது. கோப்பையும் கிடையாது."

"அப்போ?"

"வாசிச்சிட்டுப் போங்க. இப்பவே சொன்னா உக்காந்திருக்கிற நாலு பேரும் எழுந்து போயிடுவாங்க. கடைசியில மைக்ல சொல்லிக்கறேன். நீ உங்க ஆளுங்ககிட்ட மட்டும் பக்குவமா சொல்லிடு."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பீர் தேடிப் போயிருப்பார்கள். ஆலி வண்டியில் படுத்திருப்பார்.

களமிறங்கும் முன் சீருடைப் பைகளைக் காலி செய்வது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் நடுவர்கள் சீருடையைத் தடவிப் பார்ப்பார்கள், சாவி குலுங்கினால் புள்ளி போய்விடும். இப்போது ஒருவரும் பார்ப்பதில்லை, ஆனால் நான் விட்டதில்லை. பெயர் தைத்த துணிப்பைகளில் எல்லாம் என்னிடம் வந்துவிடும். ஆலியின் பையில் வீட்டுச் சாவி, இரண்டு பெப்பர்மின்ட், போன், நான்காக மடித்த விமான டிக்கெட். செவ்வாய், காலை ஒன்பது இருபது. நான் அதை மடித்தபடியே பையில் போட்டு முடிச்சுப் போட்டேன்.

வாசித்தோம். நன்றாகவே வாசித்தோம். அவர் ஒரு அடியும் தவறவில்லை. உதடு நீலமாக இருந்தது, ஆனால் அடி தவறவில்லை. மதிப்பெண்ணுக்காக மறுபடி வரிசையில் நிற்கப் போக வேண்டியபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"முடியல லியோனா. நெஞ்சுல தண்ணி நிக்கிற மாதிரி இருக்கு. நான் உக்காந்துக்கறேனே."

"மார்க் படிக்கிற வரைக்கும் நில்லு ஆலி. போன வருஷம் என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்," என்றார். வெட்கப்பட்டுப் போய் முரசை மாட்டிக்கொண்டார்.

முரசின் பட்டை தோளில் ஏறி முதுகில் குறுக்காக இறங்கும். தாளத்தட்டுக்காரி நான் அவருக்குப் பின்னால் நிற்பேன். தட்டுகளை இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அந்தப் பட்டை குறுக்கே மாறும் இடத்தைப் பிடித்தேன். லொரைன் நன்றி சொல்ல ஆரம்பித்தாள். சிற்றுண்டிக் கடைக்கு நன்றி, வண்டி நிறுத்த இடம் கொடுத்தவருக்கு நன்றி. பதினோரு நிமிடம் ஆயிற்று. பிறகு மதிப்பெண் இல்லை, கோப்பை இல்லை, இந்தப் போட்டி இனி நடக்காது என்றாள். எங்கள் வரிசையில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

ஆலி தலையை மட்டும் திருப்பினார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார், வழி தவறி யார் வீட்டுக்கோ வந்துவிட்டவர் பார்ப்பது போல. அப்புறம் வரிசையை விட்டு ஒரு அடி முன்னால் வைத்தார். நான் பட்டையை விடவில்லை. இன்னொரு முறை இழுத்தார். அவ்வளவு பலமில்லை. மூச்சுச் சத்தம் குழாயில் தண்ணீர் அடைத்துக்கொள்வது போல வந்து நின்றது. பிறகு அவர் எடை முழுவதும் என் கையில் இருந்தது. அணி கலையலாம் என்று சொல்லும் வரை அப்படியே பிடித்திருந்தேன். நான்கு நிமிடம் இருக்கும். கூட்டத்தில் சிலர் எழுந்து நின்று கை தட்டினார்கள். பத்துப் பேரும் நின்றோம்.

கீழே இறக்கியபோது எல்லோரும் ஓடி வந்தார்கள். வெயில் என்றார்கள். வயது என்றார்கள். டெனீஸ் வந்து மாத்திரை டப்பாவைத் திறந்து ஒன்றை நாக்கில் வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால், நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். அந்தப் பெண் புத்திசாலி. அம்மா சாயல்.

அவருடைய உண்மையான மாத்திரைகள் என் பொத்தான் டப்பாவில் இருக்கின்றன, தையல் மிஷினுக்குக் கீழ் அலமாரியில். ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. பிறத்தியார் பொருளை நான் வீணாக்க மாட்டேன். ஆமாம், நான்தான் செய்தேன். மே மாதத்திலிருந்து தெரிந்தே செய்தேன், அன்று தெரிந்தே பிடித்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்றுதான் பாக்கி. அந்தச் சீருடையை வழக்கு முடிந்ததும் என்னிடம் கொடுங்கள், முழங்காலில் புல்கறை இருக்கிறது. கல்லறைக் கல்லில் 'வரிசையை விட்டுப் போகாதவர்' என்று அவர் பெயருக்குக் கீழே பொறிக்கச் சொல்லி டெனீஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.