ஆண்கள் வகுப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போகும் நஸீறா மிஸ் அவர்களுக்கு

அல்லாஹ்வைப் புகழ்ந்து ஆரம்பிக்கிறோம்.

அதட்டி ஆளாக்கியவரே, அருகிருந்து ஆற்றியவரே, ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் அரைவாசி ஆயுளைக் கண்விழித்துக் கழித்த பிறகும் ஆறியிருக்க மனமில்லாமல் கல்முனைக்குடியில் உள்ள எங்கள் தாதிய உதவியாளர் பயிற்சி நிலையத்துக்கு வந்து, கை நடுங்கிய பிள்ளைகளின் கைகளுக்குக் காரியம் பழக்கிய கண்ணியத்துக்குரிய நஸீறா மிஸ் அவர்களே! உங்களோடு வேலை செய்த அனைவருடைய ஸலாமும் உங்களுக்கு உரித்தாகட்டும்.

இந்த மடலை எழுதும் பொறுப்பை நிர்வாகி நிஸாம் சேர், வாயில் காவலாளி முத்தலிபாகிய என்னிடம் தந்தார். படித்தவர்கள் எழுதினால் உங்களைச் சூரியன் என்பார்கள், சந்திரன் என்பார்கள், நீங்கள் பாதியில் எழும்பிப் போய்விடுவீர்கள் என்று எல்லாருக்கும் பயம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையை அலுவலகத்துப் பிள்ளைகள் திருத்தினார்கள். சொல்லைத் திருத்த நான் விடவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் போன பிறகு, நீங்கள் தொடங்கிய ஆண்கள் வகுப்பு நடக்குமா, மூடப்படுமா என்று வாயிலில் நின்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. அதைப் பற்றியும் இதில் எழுத வேண்டியிருக்கிறது.

மிஸ், நான் யாரையும் லேசில் நம்புகிறவன் அல்ல. பயிற்சி நிலையம் என்று பலகை மாட்டி, வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டி, கையில் ஒரு சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்புகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். உங்களையும் அந்த வரிசையில்தான் வைத்தேன். நீங்கள் வந்த வாரமே, கட்டிலில் கிடத்தியிருந்த ரப்பர் பொம்மையைத் தூக்கி மூலையில் நிறுத்திவிட்டு, என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தில் படுக்கச் சொன்னீர்கள். "பொம்மை நோவுதெண்டு செல்லாது காக்கா, நீங்க செல்லுவீங்க" என்றீர்கள்.

சொன்னேன். அன்றிலிருந்து எல்லாப் பிரிவுக்கும் நான்தான் நோயாளி. நாடி பார்க்கப் பழகியது என் மணிக்கட்டில். பிரஷர் பட்டியை இறுக்கியது என் புயத்தில். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கப் பழகியது என் முதுகில். ஒரு பிள்ளை புரட்டுகிறேன் என்று என்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியது. நீங்கள் அந்தப் பிள்ளையை ஏசவில்லை, எனக்கு ஒழுங்காக விழத் தெரியவில்லை என்று என்னைத்தான் ஏசினீர்கள். நோயாளியைக் கட்டில் நம்பர் சொல்லிக் கூப்பிட்ட இன்னொரு பிள்ளையை, அன்று பின்னேரம் வரை கதிரை நம்பர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அந்தப் பிள்ளை இன்றைக்கும் வார்ட்டில் ஆளின் பெயரைக் கேட்டு அறியாமல் கிட்டப் போவதில்லையாம்.

கண்டிப்பும் கருணையும் கலந்தவர் நீங்கள் என்று மற்றவர்கள் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். நான் கண்டதை இனிச் சொல்கிறேன்.

சாகாமம் என்ற ஊர்ப் பிள்ளை றுஸ்னா. வயற்காரர் கச்சிமுகம்மதுவின் மகள். அவளுடைய உம்மா அந்த ஊரில் இறந்துபோன பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டிக் கொடுப்பவர். றுஸ்னாவும் தண்ணீர் அள்ளிக் கொடுத்து, மறைப்புத் துணி பிடித்து, உம்மாவோடு நின்று பழகியவள். நேர்ஸ் உடுப்போடு ஒரு வார்ட்டில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக நான் அறியேன்.

ஒரு நாள் அவளுடைய வாப்பா வயற்சேறு காயாத காலோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இங்கே பெண்பிள்ளைகளை விட்டு ஆண்களைக் கழுவச் சொல்கிறார்களாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மகளைப் பையோடு அனுப்பும்படி கேட்டார். மறைப்பானேன், நானும் அவர் பக்கம்தான் நின்றேன். நீங்கள் வாயிலுக்கு வந்து, மகள் உங்களுடையவள், தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் என்ன படிக்கிறாள் என்று ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்கள் என்றீர்கள். அவருக்கு ஒரு கதிரை. எனக்குக் கட்டில். முகம், கை, கால் மட்டும் கழுவிக் காட்டும்படி றுஸ்னாவிடம் சொன்னீர்கள்.

வாப்பாவைக் கண்ட பயத்தில் அவளுக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. கை பழகியதைக் கை செய்தது. கையுறையைப் போட்டாள். துணியை இழுத்து என்னை மறைத்தாள். வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். வாய் திறக்கவில்லை, கண்ணை நிமிர்த்தவில்லை. தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை. துடைத்து முடித்ததும் என் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தாள். பிறகு துணியை மேலே இழுத்து என் முகத்தையும் மூடிவிட்டாள்.

நான் துணிக்குள்ளிருந்து கதைத்தேன். "எனக்கு இன்னும் நேரம் வரல்ல மகள்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கச்சிமுகம்மதுவும் தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்தினார். றுஸ்னா அழுதுகொண்டு சுவரோரம் போய் நின்றாள். மிஸ், நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்துத் துணியை நீக்கிவிட்டு, அவளைக் கைப்பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டி வந்தீர்கள். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்கள்:

"இந்தப் புள்ளட கையில மரியாத இரிக்கி. அத நான் படிப்பிக்கத் தேவல்ல. ஒண்டுதான் கொற. மையித்துக்கிட்ட ஒண்டும் கேக்கிறல்ல. ஹயாத்தோட இரிக்கிறவருக்கிட்ட கேக்கணும். தண்ணி சூடா, நோவுதா, துணிய நீக்கட்டா எண்டு கேட்டுக் கேட்டுத்தான் கை வெக்கணும்."

திரும்பச் செய்யச் சொன்னீர்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், நான் பதில் சொன்னேன். என் காலைத் தொடுவதற்கு முன் ஒருவர் என்னிடம் அனுமதி கேட்டது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

கச்சிமுகம்மது எழும்பினார். மகள் முறையாகத்தான் செய்கிறாள், அதில் குறை சொல்வதற்கில்லை, ஆனாலும் ஆண்களைக் கழுவ மகளை விட முடியாது என்றார். நீங்கள் கோபப்படவில்லை.

"செரி, அப்ப ஆம்புளய அனுப்புங்க. உங்களுக்கு மகன் இரிக்காருதானே" என்றீர்கள்.

"ஆம்புளப் புள்ள இந்த வேலைக்கி வருவானா மிஸ்?"

"ஆம்புளயளுக்கு நோய் வருத்தம் வருகுதுதானே."

அவர் மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவளுடைய வெள்ளை மேலுடுப்பு ஆணியில் தொங்கியது.

நாங்கள் எல்லாரும் உங்களைக் குறை சொன்னோம். நல்ல பிள்ளையை வாயைக் கொடுத்து இழந்துவிட்டீர்கள் என்றோம். போன் எடுத்துக் கதையுங்கள் என்று நிஸாம் சேரும் சொன்னார். அவர் கோபித்துப் போகவில்லை, யோசித்துக்கொண்டு போகிறார், விடுங்கள் என்றீர்கள். ஆனால் வரவு கூப்பிடும்போதெல்லாம் றுஸ்னாவின் பெயரையும் கூப்பிட்டீர்கள். வராத பிள்ளையை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்டேன். பேசாமல் போய்க் கேற்றைப் பார்க்கச் சொன்னீர்கள்.

வெள்ளாமை வெட்டு முடிந்த பிறகு அந்த மோட்டார் சைக்கிள் திரும்ப வந்தது. பின்னால் றுஸ்னா. இன்னொரு மோட்டார் சைக்கிளில் அவளோடு கூடப்பிறந்த நாநா ஹிஷாம், வெட்டு மெஷின் ஓட்டுகிற வாட்டசாட்டமான பொடியன், வெட்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

நடந்ததைக் கச்சிமுகம்மதுவே சொன்னார். அவரோடு பிறந்த மூத்த காக்கா, பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்த படுக்கை. ஒருவரையும் கிட்ட வரவிடுவதில்லை. வீட்டிலும் யாருக்கும் முறை தெரியாது. உடம்பு நாறத் தொடங்கிவிட்டது. அங்கே றுஸ்னா திரைச்சீலைக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க, ஹிஷாம் உள்ளே நின்று கேட்டுக் கேட்டுக் கழுவியிருக்கிறான். மாதக்கணக்கில் வாய் திறக்காத மனிதர் பின்கழுத்தைக் காட்டி, "பொடரியத் தேய்டா" என்றாராம். அதைச் சொல்லும்போது கச்சிமுகம்மது என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு உங்களிடம் வந்து, "மகள எடுங்க மிஸ். ஆம்புளயளுக்கு இவன் இரிக்கான், இவனையும் எடுங்க" என்றார்.

எடுப்பதற்கு ஆண்களுக்கு வகுப்பே இருக்கவில்லை. இடமில்லை, ஆள் சேராது, ஊர் சிரிக்கும் என்று நிர்வாகத்தில் காரணம் மேல் காரணம் சொன்னார்கள். பின்னேரத்தில் அறை சும்மாதானே கிடக்கிறது என்று நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றீர்கள். ஆண்கள் வகுப்பு தொடங்கியது. கொஞ்சக் காலம் ஹிஷாம் ஒருவன்தான் மாணவன், நான் ஒருவன்தான் நோயாளி. பிறகு மருதமுனையிலிருந்து வந்தார்கள், கோமாரியிலிருந்து மீன்பிடிக்கிற பொடியன்களும் வந்தார்கள். றுஸ்னா இன்று பெண்கள் வார்ட்டில் நிற்கிறாள். இந்த மடலை இப்போது உங்கள் முன்னால் வாசித்துக்கொண்டிருப்பது ஹிஷாம்தான். தன் பெயர் வருகிற இடத்தை விட்டுவிட்டு வாசிக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

கருணையின் கடலே என்று உங்களை நான் எழுதமாட்டேன். பெண்பிள்ளைகளுக்கு வார்ட்டின் கதவையும், ஆண்பிள்ளைகளுக்கு இந்த அறையின் கதவையும் திறந்தவரே! அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தையும், நோயில்லாத உடம்பையும், காலையில் ஆறுதலாகக் குடிக்க ஒரு கோப்பைத் தேநீரையும், நெஞ்சு நிறைந்த நிம்மதியையும் தருவானாக! ஆமீன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் போன பிறகும் ஆண்கள் வகுப்பு நடக்குமா என்று நிஸாம் சேரிடம் நேரே கேட்டேன். நடக்கும் என்றார். நான் நம்பவில்லை. ஊர் கூடியிருக்கிற சபையில் வாசிக்கும் மடலில் அதை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுதுங்கள் என்றார். எழுதிவிட்டேன். இந்த மடலை இரண்டு பிரதி எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். ஒன்று உங்கள் வீட்டுச் சுவருக்கு. மற்றது நிஸாம் சேரின் மேசைக்கு நேர் எதிரே.

இப்படிக்கு,
பயிற்சி நிலைய ஊழியர்கள் அனைவர் சார்பிலும்
வாயில் காவலாளி முத்தலிப்
கல்முனைக்குடி