கோடு விழும் கேமராவும் பூட்டிக் கிடந்த கதவும்

அவையின் நடுநாயகமாக அமர்ந்து, நான் தொடங்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒளிப்படக் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! இருட்டறையில் ஃபிலிம் சுருள் கழுவிக் கழுவிக் கைவிரல் வெளுத்த, ஆனால் கண் மட்டும் வெளுக்காத மூத்தோர்களே! விழா வீட்டில் அத்தனை பேரையும் படம் எடுத்துவிட்டு, ஒரு படத்திலும் தாங்கள் இல்லாமல் வீடு திரும்பும் தோழர்களே! "கேமராவா, அதான் போன்லயே இருக்கே" என்று திட்டிவிட்டு, பிறகு தாங்களே முன்பணம் கட்டிய தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவையும் அதற்கான லென்ஸ்களையும் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மேடை ஏறும்போது செயலாளர் என் காதருகே வந்தார். "அக்கா, இன்னைக்குச் செலவெல்லாம் கேமரா விக்கிறவங்களோடது. நல்லதா நாலு வார்த்தை பேசுங்க. குறையெல்லாம் எதுக்கு?" என்றார்.

எதுக்கு என்றா கேட்கிறீர்கள், செயலாளர் அவர்களே? சொல்கிறேன். ஒலிபெருக்கியிலேயே சொல்கிறேன்! (கைதட்டாதீர்கள். நேரமாகிறது என்று தலைவர் மணியடித்துவிடுவார்.)

நானும் என் தங்கையும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்துகிறோம். நான் படம் எடுப்பேன். அவள் கேள்வி எடுப்பாள். புதிய கேமரா வாங்கப் போனோம். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கைக்குழந்தையைத் தருவதுபோல் ஒன்றைத் தந்தார்.

"மேடம், இதுல குறைன்னு ஒண்ணுமே கிடையாது."

தங்கை விடுவாளா? "குறையே இல்லாததுக்கு எதுக்குங்க ரெண்டு வருஷ உத்தரவாதம்?" என்றாள்.

வாங்கிப் பார்த்தாள். தூக்கிப் பார்த்தாள். உடம்பு சிறியது, சரி. அதில் மாட்டிய பெரிய ஜூம் லென்ஸோ, ஒல்லி மாப்பிள்ளை தலையில் மலையை வைத்ததுபோல் முன்பக்கம் சாய்ந்தது. "நாள் முழுக்க இதைத் தூக்கினா அக்காவோட மணிக்கட்டுக்கு யார் உத்தரவாதம் தருவா?" என்றாள். திரை எரிந்துகொண்டே இருப்பதால் பேட்டரி மளமளவென்று இறங்குவதைக் கண்டாள். லென்ஸைக் கழற்றினால் படம் பதியும் சென்சார் அப்படியே வாய் திறந்து தூசிக்கு விருந்து வைப்பதைக் கண்டாள். கடைசியாக, சத்தமில்லாமல் படமெடுக்கும் வசதியைப் போட்டுக் கடையின் கூரை விளக்கடியிலேயே ஒரு படம் எடுத்தாள். படம் முழுக்கக் குறுக்கே கருங்கோடுகள்!

"என்னங்க இது, உங்களைப் படம் எடுத்தா வரிக்குதிரை வருது?"

கடைக்காரரும் சிரித்துவிட்டார். பிறகுதான் உண்மையைச் சொன்னார். சில விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்குகின்றன. ஓசையற்ற ஷட்டரோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் படிக்கிறது. விளக்கு மங்கும் நொடியில் படித்த வரி கருத்துவிடும். ஓசையோடு திறக்கும் ஷட்டரில், வேகத்தையும் குறைத்துக்கொண்டால், அந்தக் கோடு வராது.

அப்படியும் அதைத்தான் வாங்கினோம். ஏன்? இருட்டில் அது காட்டிய வெளிச்சம் அப்படி! பெரிய ஜூமை வைத்துவிட்டு, வெளிச்சம் நுழையும் வாய் அகன்ற சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்தோம். அதிலும் குறை உண்டு. ஜூம் கிடையாது; கிட்டே போகவேண்டுமென்றால் காலால்தான் நடக்கவேண்டும். வாயை முழுக்கத் திறந்து எடுத்தால் மூக்கு தெளியும், காது கலங்கும். குறை தெரிந்து வாங்கினோம். குறை தெரிந்தே கட்டிக்கொண்ட கணவரைப்போல நிம்மதி வேறெதில் உண்டு? (முன்வரிசையில் என் கணவர் சிரிக்கவில்லை. பரவாயில்லை.)

அந்தக் கேமராவோடு ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனேன். நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டுக்குப் படம் எடுக்கும் வேலை. தையல்கூடம் முழுக்கப் பெண்கள். ஊசி ஓடுகிறது, கைகள் ஓடுகின்றன. அந்த வேகத்துக்குத் தக்கபடி ஷட்டர் வேகத்தைக் கூட்டிவைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். காலர் தைக்கும் பெண் ஒருத்தி. கூடத்தில் அவளுக்குச் "சிரிப்பு" என்றுதான் பெயர். குனிந்தபடியே பேசினாள்.

"அக்கா, எங்க மூஞ்சியை எடுத்தது போதும். படிக்கட்டு ஓரமா ஒரு கதவு இருக்கு. அதை ஒண்ணு எடுங்க."

"கதவுல என்னம்மா இருக்கு?"

"பூட்டு இருக்கு. போன மாசம் இஸ்திரி மேசை ஒயர் புகைஞ்சுது. எல்லாரும் அந்த வழியா ஓடினோம். திறக்கல. நெரிசல்ல ஒரு பொண்ணுக்குக் கை உடைஞ்சுது. கேட்டா, கதவு எப்பவும் திறந்துதான் இருக்குங்கறாங்க. எங்க போனை எல்லாம் வாசல்லயே வாங்கி வெச்சுக்கறாங்க. நாங்க எதைக் காட்டுவோம்?"

அதைச் சொன்னபோது சிரிப்பு சிரிக்கவில்லை.

படிக்கட்டு முனைக்குப் போனேன். மேலே "அவசர வழி" என்று பலகை. கீழே கைப்பிடியைச் சுற்றிச் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. மங்கிய ஒற்றை விளக்கு. பக்கத்து அறையில் மேற்பார்வையாளரின் குரல். ஓசையற்ற ஷட்டரைப் போட்டேன். கூட்டிவைத்த வேகத்தைக் குறைக்க நேரமில்லை. லென்ஸின் வாயை முழுக்கத் திறந்தேன். எடுத்தேன். அதற்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. இன்னொரு படத்துக்கு வழியில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பூட்டு பளிச்சென்று இருக்கிறது. மேலே தள்ளியிருந்த பலகை கலங்கிக் கிடக்கிறது. நடுவே கருங்கோடுகள்! தங்கை பார்த்தாள். "வரிக்குதிரைதான். ஆனா பூட்டு தெரியுதுல்ல? குடுத்துடலாம்" என்றாள். தொழிலாளர் நலத்துறை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தோம்.

அவ்வளவுதான், கிளம்பியது புயல்! நிறுவனத்தின் வழக்கறிஞர் படத்தை உயர்த்திப் பிடித்தார். "இந்தக் கோடுகளைப் பாருங்க. கம்ப்யூட்டர்ல ஒட்டவெச்ச படம். பலகையையே படிக்க முடியல. இது எங்க கதவுன்னு யார் சொன்னா?" எங்கள்மேல் வழக்கு என்றார்கள். ஸ்டூடியோவை இழுத்து மூடவேண்டியிருக்கும் என்றார்கள். நம் தொழிலைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தேடிவந்து, "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கங்க. ஆத்துல போற தண்ணிக்கு நீங்க ஏன் அணை கட்டறீங்க?" என்றார்.

மன்னிப்பா? எதற்கு மன்னிப்பு? பூட்டைப் பூட்டு என்று சொன்னதற்கா? புகையில் தவித்தவர்களுக்கு வழி கேட்டதற்கா? பூட்டியவன் நிமிர்ந்து நடக்க, படம் பிடித்தவள் குனிந்து நிற்பதா? குனியமாட்டேன் என்றேன்! என் கழுத்தில் கேமராப் பட்டை மட்டும்தான் தொங்கும். மன்னிப்புக் கடிதம் தொங்காது என்றேன்!

விசாரணையன்று எழுந்து நின்றேன். "ஆமாங்க, கோடு இருக்கு. என் கேமராவோட குறை அது. சத்தமில்லாம எடுத்தா, மினுக்கற விளக்குல கோடு விழும். பலகை கலங்கினது என் லென்ஸோட குறை. ரெண்டையும் ஒத்துக்கறேன். வாங்க, அந்தப் படிக்கட்டுக்கே போவோம். அதே கேமரா, அதே லென்ஸ், அதே வேகம். நீங்களே பாருங்க."

அதிகாரி நேர்மையான பெண்மணி. மறுபேச்சில்லாமல் எழுந்தார். "எல்லாரும் வாங்க" என்றார்.

போனோம். சங்கிலியைக் காணோம், கதவுக்குப் புதுச் சாயமே பூசியிருந்தார்கள்! ஆனால் அந்த விளக்கை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. எடுத்தேன். விழுந்தது கோடு! அதே அகலம், அதே இடைவெளி. ஓசை வரும் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து எடுத்தேன். கோடு மறைந்தது. அதிகாரி விடவில்லை. "மத்த மாடிகள்லயும் எடுங்க" என்றார். ஒவ்வொரு மாடிக் கதவிலும் எடுத்தோம். அங்கெல்லாம் வேறு வகை விளக்கு. ஓசையற்ற ஷட்டரிலும் ஒரு கோடு இல்லை!

அந்தக் கட்டடத்தில் கோடு விழும் கதவு அது ஒன்றுதான். அதன் கைப்பிடியில் சங்கிலி உரசிய தழும்பு, சாயத்துக்கு அடியிலும் மேடிட்டு நின்றது. அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார். வழக்கறிஞர் தம் காலணியைப் பார்த்தார்.

தோழர்களே! பொய் என்று அவர்கள் காட்டிய கோடுதான் எங்களுக்குச் சாட்சி சொன்னது! அந்தக் குறையைக் கடையிலேயே என் தங்கை கேட்டிராவிட்டால்? கடைக்காரர் மறைத்திருந்தால்? அன்று அவர்கள் "போலி" என்றபோது நானும் திருதிருவென்று விழித்திருப்பேன். பிறகு அந்தக் கதவு மறுபடி பூட்டப்பட்டிருக்கும்.

நிறுவனத்துக்குத் தண்டம் விதித்தார்கள். கை உடைந்த பெண்ணுக்கு இழப்பீடு கிடைத்தது. கதவுகளில் பூட்டே மாட்டமுடியாத கைப்பிடி வைத்தார்கள். எங்களுக்கு அந்த நிறுவனத்தின் வேலை போனது. போகட்டுமே! நிறுவனம் அழைக்காவிட்டால் என்ன, அந்தப் பெண்கள் அழைத்தார்கள். திறந்த கதவடியில் நெருக்கியடித்து நின்றார்கள். சிரிப்பு நடுவில் நின்று, வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

"அக்கா, இந்தத் தடவை சத்தம் கேக்குற மாதிரி எடுங்க!"

எடுத்தேன்! படிக்கட்டு முழுக்கக் கேட்டது!

ஆகவே, இளைஞர்களே! பெட்டியின் பளபளப்பைப் பார்த்துப் பல்லைக் காட்டாதீர்கள். எடையைக் கேளுங்கள், பேட்டரியைக் கேளுங்கள், தூசியைக் கேளுங்கள், கோட்டைக் கேளுங்கள். கேமரா உடம்பில் கொட்டும் காசைக் கொஞ்சம் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள். அடுத்தவன் தோளுக்கு ஏற்றதை உங்கள் தோளில் ஏற்றாதீர்கள். பின்னால் கடை விரித்திருக்கும் நண்பர்களே, நீங்களும் கேளுங்கள்! உங்கள் பொருளின் குறையை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சொன்னவரிடம்தான் நான் வாங்குவேன். ஊரையே அழைத்துவந்து வாங்கவைப்பேன். மறைத்தவரின் கடை வாசலை மிதிக்கமாட்டேன். இதற்காக அடுத்த ஆண்டு இந்த மேடை எனக்குக் கிடைக்காமல் போனால், தெருமுனையில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்று பேசுவேன்!

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், பொங்கிக் கைதட்டிய இளையோர்க்கும், மணியை அடிக்காமல் கையிலேயே வைத்திருந்த தலைவர்க்கும், வீட்டில் ஸ்டூடியோவைத் திறந்துவைத்துவிட்டு என்னை இங்கே அனுப்பிய என் தங்கைக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்.

வணக்கம்!