சிவப்புச் சுருள் கயிறு

கடலாமை மூச்சு விட மேலே வரும்போது ஒரு சத்தம் கேட்கும். மூட்டையை இறக்கி வைத்தவன் விடும் பெருமூச்சு மாதிரியே இருக்கும். பாதி ஆயுசு மூட்டை தூக்கியவன் என்பதால் எனக்கு அந்தச் சத்தத்தின் மேல் ஒரு பிரியம். கடற்கரை விடுதிக்கு வருகிறவர்களைப் படகில் ஏற்றியதும் முதலில் அதைத்தான் சொல்வேன். அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்.

"அதுக்கும் நம்மள மாதிரி அலுத்துப்போகுமாண்ணா?" என்று கேட்டாள்.

"வீட்டையே முதுகுல சுமக்குதேம்மா. அலுக்காதா பின்ன?"

"அப்ப என் வீட்டுக்காரருக்கு அலுக்கவே அலுக்காது. ரெண்டு பையையும் நான்தான் சுமந்துட்டு வந்தேன்" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதுசு. பறவை ஒன்று பறந்தால் போதும், பெயர் கேட்பாள். என் தம்பி போன பிறகு என்னை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டவள் அவள்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

நீங்கள் அந்தக் கயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். படகு இன்ஜினில் சிவப்பாய் ஒரு சுருள் கயிறு இருக்கும். அதன் முனையில் சின்னதாக ஒரு கொக்கி. அந்தக் கொக்கி இன்ஜினில் மாட்டியிருந்தால்தான் இன்ஜினுக்கு உயிர். கழற்றிவிட்டால் எத்தனை தடவை பொத்தானை அமுக்கினாலும் அது வெறும் இரும்பு. எங்கள் படகுக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் தண்ணீரில் இறங்குகிறாரோ, கயிறு அவர் மணிக்கட்டில். மேலே இருப்பவன் அண்ணனாகவே இருந்தாலும் கயிறு அவனிடம் இருக்கக்கூடாது.

போன வருஷம் அவள் கணவர் நண்பர்களோடு வந்திருந்தார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. தம்பிதான் மீன் பிடிக்கக் கூட்டிப்போனான். தூண்டில் பாறையில் சிக்கிக்கொண்டது. எடுத்துவிடத் தம்பி இறங்கினான். கயிற்றைக் கழற்றப் போனவனை அவர்தான் தடுத்தார். "அது இருக்கட்டும்ப்பா, கழட்டுனா போட்டோல நல்லா இருக்காது. நான் வீல்ல உக்காந்து ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றாராம். தம்பிக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டு இறங்கினான். அவர் விளையாட்டாகப் பொத்தானை அமுக்கினார், விளையாட்டாகக் கியரைத் தள்ளினார். தம்பி படகின் பின்பக்கம் இருந்தான். அங்கே சுழலும் விசிறி என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

இதைக் கூட வந்த நண்பர் ஒருவர் மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டே என்னிடம் சொன்னார். மறுநாள் விசாரணையில் அவருக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. விடுதி மேனேஜர் அதற்கு முன்பே அவள் கணவரைக் காரில் ஏற்றி அனுப்பியிருந்தார். "நாலு தையல் போட்டா சரியாயிடும் சார், நீங்க கெளம்புங்க." அதை என் காதால் கேட்டேன். நான் எழுத்துக் கற்றதே தலை நரைத்த பிறகுதான். தம்பி செத்ததற்கு எழுதிக் கொடுத்த தாளை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அதில் எனக்குத் தடுக்காமல் வந்த ஒரே சொல் 'விபத்து.' தம்பியின் சட்டையையும் அவன் கயிற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

இந்த வருஷம் அவர் மனைவியோடு வந்தார். நான் அண்ணன் என்று அவருக்குத் தெரியாது. வந்த அன்றே படகுத்துறைக்கு வந்து என்னிடம் விசாரித்தார்.

"போன தடவ இங்க ஒரு தம்பி இருந்தாரே, சிரிச்ச மொகமா. அடிபட்டுச்சே... இப்ப எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார் சார். வேற பக்கம் வேலைக்குப் போயிட்டார்."

அவருக்கு முகமே தெளிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்து, "பாத்தா குடுத்துடுங்க" என்றார். விரித்துப் பார்த்தேன். தம்பிக்குச் சரியான அளவு. மனசு உறுத்தாதவன் எதற்குச் சட்டை வாங்கி வருகிறான்? அதுவே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

அவரைத்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். செத்தவருக்கு என்ன தெரியும்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்குத் தெரிய வேண்டுமானால் அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

அன்று காலையில் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அவருக்கு நல்ல மீன்கள் சிக்கின. பாறைப் பக்கம் ஒரு பெரிய ஆமை தலை தூக்கியது. அவளுக்கு இறங்கி அதோடு நீந்த ஆசை. நானே இன்ஜினை நிறுத்தி, கயிற்றைக் கழற்றி அவள் மணிக்கட்டில் மாட்டினேன். வழக்கத்தைச் சொன்னேன்.

"அப்ப என் உயிர் என் கையில" என்று கையை ஆட்டிக்கொண்டே குதித்தாள்.

கயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. "நல்ல வழக்கம்ங்க" என்றார் மெதுவாக.

"வீல்ல உக்காருங்க சார், ஒரு போட்டோ எடுத்துத் தரேன்."

"வேண்டாம்ங்க. எனக்கு அந்த எடமே ஆகாது."

"கயிறு அம்மா கைல இருக்கு. நீங்க எத அமுக்குனாலும் ஒண்ணும் ஆகாது."

தண்ணீரிலிருந்து அவளும் சேர்ந்துகொண்டாள். "அய்யே, பயந்தாங்கொள்ளி! சும்மா ஓட்டற மாதிரி அமுக்குங்க. ஊருக்குப் போயி எல்லாருக்கும் காட்டணும்." பெண்டாட்டி கேலிக்குப் பயப்படாத புதுமாப்பிள்ளை உண்டா? உட்கார்ந்தார். அவர் சட்டையைச் சரிசெய்யக் குனிந்தபோது, என் பையிலிருந்த தம்பியின் கயிற்றை இன்ஜினில் மாட்டினேன். அவர் கேமராவைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார். அவள் ஆமைக்குப் பின்னால் படகின் வால் பக்கமாக நீந்திக்கொண்டிருந்தாள்.

"இப்ப அமுக்குங்க சார்" என்றேன். அமுக்கினார். இன்ஜின் உறுமியது. அவர் கத்துவதற்குள் கியரைத் தள்ளியது நான்.

மற்றதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். நான்தான் அமுக்கினேன், நான்தான் அமுக்கினேன் என்று இரவெல்லாம் புலம்பினாராமே. உங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அவர் புலம்பட்டும், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் இந்தத் தாளிலும் 'விபத்து' என்று எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானே வந்தேன். அந்தச் சொல்லை இரண்டாவது தடவை படிக்க எனக்கு மனசு வரவில்லை. கொலை என்றே எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். இப்போது எனக்குக் கைநாட்டு வேண்டியதில்லை.

ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. அவரை அமுக்கச் சொல்வதற்கு முன்னால் கியரில் கை வைத்தபோது ஆமை அவளை ஒட்டியே இருந்தது. அது விலகிப் போகும்வரை காத்திருந்தேன்.