ஐனாரின் உயரத்துக்கு ஒரு மேசை

வேலைமேசையின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் உயரம். தாழ்வாக இருந்தால் முதுகு போய்விடும். உயர்ந்துவிட்டால் இழைப்புளியை அழுத்திப் பிடிக்க வராது. என் கராஜுக்குள் வந்ததும், குள்ளமான எனக்கு இவ்வளவு உயரத்தில் இரண்டாவது மேசை எதற்கு என்று கேட்டீர்கள். தீ விபத்தை விசாரிக்க வந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் அதைக் கவனித்தீர்கள். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

அது ஐனாருக்காகச் செய்தது. ஐனார் லிண்ட்க்விஸ்ட் ஆறடி நான்கு அங்குலம், இடக்கைக்காரன். மரத்தைப் பிடிக்கும் வைஸ் எதிர்ப்பக்கம் இருப்பது அதனால்தான். அவன் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டிருந்தவன், நான் தபால்காரன். ஓய்வுபெற்ற பிறகு பத்தொன்பது வருடம், ஒரு சனிக்கிழமை விடாமல், அவனுடைய பட்டறையில் சேர்ந்து மரவேலை செய்தோம். என் மனைவி போனபின் வாரத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அவனுக்கு மெஷின் இல்லாமல் ஆகாது, எனக்குக் கைக்கருவி போதும். நான் ஒரு பலகையை இழைத்து முடிப்பதற்குள் அவன் நாலு பலகை அறுத்து அடுக்கிவிடுவான். "வெர்ன், அந்தப் பலகை இன்னும் உயிரோட இருக்கா, தடவியே கொன்னுட்டியா?" என்பான். சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்போரம் பழைய நாற்காலியில், மெஷின் சத்தத்துக்காகக் காதை மூடும் மஃப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போவான். விட்டால் இருட்டும்வரை தூங்குவான். கிளம்பும்போது அந்த மஃப்பை ஒருபக்கம் தூக்கி நான்தான் எழுப்பிவிடுவேன்.

இன்னொரு வேலையும் என்னுடையது. மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் சில மணி நேரத்தில் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம். பிரித்துக் காயப்போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. மரவேலை செய்கிறவர்களில் இது தெரியாதவர் யாருமில்லை, ஆனால் ஐனார் மட்டும் மறந்துகொண்டே இருப்பான். அவன் துணிகளை வாரம் தவறாமல் வேலியில் காயப்போட்டது நான்தான்.

"எங்கம்மாவ விட மோசம்டா நீ. அப்படியே என் சாக்ஸையும் துவைச்சுப் போட்டுட்டுப் போ" என்று கேலி செய்வான். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரியில், உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மாரிட் அவ வீட்டுக்குப் பின்னாடி பட்டறை கட்டியிருக்காடா. தெக்குப் பாத்த ஜன்னல். மே மாசம் மெஷின எல்லாம் லாரியில ஏத்திட வேண்டியதுதான்."

மாரிட் அவனுடைய மகள். ஓரிகனில் இருக்கிறாள்.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"நீ நெனச்சா வரலாம்" என்றான். நான் விமானம் ஏறாதவன் என்பது அவனுக்குத் தெரியும்.

மறுவாரம் அளவுநாடாவைக் கொண்டுபோய் அவனை நிற்கச் சொன்னேன். "என்ன, சவப்பெட்டிக்கு அளவா? கால மடக்காம படுக்கிற மாதிரி செய்டா" என்றான். சிரித்தோம். மேப்பிள் மரம் வாங்கினேன். நான்கு மாதம், ஒரு ஆணி அடிக்காமல், பலகைகள் சேரும் எல்லா மூட்டுகளையும் கையாலேயே கொத்தினேன். என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே நல்ல வேலை அது.

நான் யோசித்தது எளிமையானது. அவன் போவது அந்தப் பட்டறைக்காக. மகளோடு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்தாலே சண்டை வரும். மெஷின்கள் இல்லாமல் போனால் அவனுக்கு அங்கே என்ன வேலை? இங்கே அவன் உயரத்துக்கு ஒரு மேசை தயாராக இருக்கிறது. அவனைக் காயப்படுத்த நான் ஒருநாளும் நினைத்ததில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லாரி வரவேண்டியது திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை, மாரிட்டுக்காக அவன் செய்த சாப்பாட்டு மேசைக்கு இருவரும் எண்ணெய் பூசினோம். மூன்று மணிக்கு ஐந்து துணிகளையும் சேர்த்துச் சுருட்டி, அவன் வேலைமேசைக்கு அடியில் மரச்சீவல் கிடந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து என் புது மேசைக்குக் கடைசிப் பூச்சு பூசினேன். பூசிய துணியைப் பிரித்து வேலியில் காயப்போட்டேன். அதை நான் மறப்பதில்லை.

ஐந்தரைக்கு சைரன் கேட்டது.

அடக்கம் முடிந்து சர்ச்சில் காபி குடித்துக்கொண்டே எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். "பாவம், துணி விஷயத்துல ஐனார் என்னைக்குமே அஜாக்கிரதைதான். வெர்ன் எத்தனை தடவ சொல்லியிருப்பான்." மாரிட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவ இத்தனை வருஷம் காப்பாத்துனதே நீங்கதான்" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. சனிக்கிழமை வந்தால் இன்றைக்கும் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அறிக்கையிலும் அதே வார்த்தைதான் இருக்கிறது. இறந்தவரின் அஜாக்கிரதை. அதைத் திருத்தச் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன். அன்றைக்கு வழக்கம்போல் துணிகளைத் தேடினேன், மேசைமேல் இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் ஐந்தும் வேலியில் தொங்கின, இரண்டு முனையிலும் கிளிப் மாட்டி. நான் சொல்லாமல் அவனே காயப்போட்டிருந்தான், பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக. இனி நான் இல்லாமலே இவன் சமாளித்துக்கொள்வான் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே எடுத்து வந்தேன்.

நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணை மூடுவதற்கு முன்னால், "போறப்ப மறக்காம எழுப்பி விட்டுட்டுப் போடா, இன்னும் பெட்டி கட்டல" என்று சொல்லியிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். மஃப்பைத் தூக்கக் கைகூட நீட்டினேன். எழுப்பியிருந்தால் திங்கட்கிழமை அவன் போயிருப்பான்.