ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை

ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்பில் பின்பக்கத்து இடது ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது, மேடம். நீங்கள் வந்து இறங்கும்போது வேகத்தடையில் 'டொக்'கென்று ஒரு சத்தம் கேட்டதே, அதுதான். பெரிய வேலையில்லை. ஆனால் அப்படியே விட்டால் டயரைத் தின்றுவிடும். டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். குத்தாலிங்கத்தின் காரியமெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன். அவன் செத்துக் கிடந்த அன்று, அவன் ஷெட்டில் வைத்து நீங்கள் ஏட்டையாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கம்பெனிக்கு விடாம வீட்டுலயே போட்டு நோண்டுனா இப்படித்தான் ஆகும்" என்றீர்கள். பிறகு மதுரை ஷோரூமிலிருந்து ஒருவர் வந்து அவன் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாராம். கம்பெனி சாமான் இல்லை, வெளிச்சாமான் போட்டிருக்கிறார்கள், பிரஷர் தாங்காமல் கசிந்திருக்கும் என்றாராம். விபத்து என்று எழுதி முடிக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் சுடலைக்கண்ணு. ராணுவத்தில் வண்டிப் பட்டறையில் இருந்தேன். பனியில் உறைந்துபோன லாரிகளையெல்லாம் உசுப்பி ஓட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே மனைவி வடிவம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் உமாராணி கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். வீட்டில் நானும் என் ஸ்பேனர் பெட்டியும்தான். குத்தாலிங்கம் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் லாட்ஜ் வைத்திருந்தான்.

அந்த வண்டியை அவன் புளியரைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்காரரிடமிருந்து வாங்கினான். வெளிநாட்டு வண்டி. ஒரு பட்டனை அழுத்தினால் மெல்ல எழுந்து நிற்கும், இன்னொரு பட்டனை அழுத்தினால் ஒட்டகம் மாதிரி உட்காரும். அதற்கு ஸ்பிரிங் கிடையாது. நான்கு மூலையிலும் நான்கு உருளை, உருளைக்குள் ஆயில், அந்த ஆயிலின் பிரஷரில்தான் முழு வண்டியும் நிற்கிறது. லாட்ஜில் தங்குகிறவர்களை அதில் ஏற்றிச் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்துக்குக் கூட்டிப்போவான். அங்கே பூவோடு நின்று போட்டோ எடுத்தவர்களைவிட வண்டியோடு நின்று எடுத்தவர்கள்தான் அதிகம்.

வாங்கிய மறு சீசனில் ஒரு காலை வண்டி பின்பக்கம் உட்கார்ந்து கிடந்தது. எழவே இல்லை. மதுரை ஷோரூமில் உருளைகளோடு மொத்த சஸ்பென்ஷனையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அதில் இன்னொரு சின்ன வண்டியே வாங்கிவிடலாம். நான்தான் தடுத்தேன்.

"அவனுவளுக்கு எதுக்குலே அழுவுத? உள்ள கெட்டுப்போனது ஒரு ரப்பர் வளையம். அதுக்கு உருளையவே மாத்தணும்னு சொல்லுதான். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"நீ இருக்கும்போது எனக்கு என்ன கவல மக்கா" என்றான். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் உண்மையென்றே எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் சனிக்கிழமை என்றால் எனக்கு லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுதான். முதலில் நான்கு உருளைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வளையம் மாற்றினேன். பிறகு ஆயில் மாற்றுவதும் துடைத்துப் பார்ப்பதும்தான். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவான். வேலை முடிந்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். பட்டறைப் பழக்கம் அது. நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. செங்கோட்டை மரமில்லில் அறுத்து வாங்கிய நான்கு கட்டைகளை முட்டுக்கொடுத்த பிறகுதான் யாரும் வண்டிக்கு அடியில் போகலாம். எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் ஆயிலை நம்பி உடம்பைக் கொடுக்கக்கூடாது. இதை அவனுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

வண்டி அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் தரவில்லை. டீக்கடையில், பெட்ரோல் பங்கில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் அவனே ஆரம்பிப்பான். "கம்பெனிக்காரனே கைவிட்ட வண்டி. நம்ம கண்ணு கை வச்சான், இன்னைக்கு வரைக்கும் அசையல" என்பான். ஆட்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். வடிவம்மாள் போன பிறகு நான் மறுபடி சவரம் செய்துகொள்ளவும் சட்டை தேய்த்துப் போட்டுக்கொள்ளவும் தொடங்கியது அந்தப் பார்வைகளுக்காகத்தான். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் வண்டியின் முகப்பில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். குத்தாலிங்கத்தின் வழக்கமே வேறு. "வண்டி நிக்கது எதுல? அதுக்குல்லா மொதப் பொட்டு" என்று சந்தனக் கிண்ணத்தோடு அடியில் ஊர்ந்துபோய் நான்கு உருளைகளுக்கும் அவன் கையாலேயே பொட்டு வைப்பான். நல்ல தாட்டியான உடம்பு. உள்ளே போவதற்குள் மூச்சு வாங்கும். நான் கட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருப்பேன். அவன் வெளியே வந்த பிறகுதான் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுப்போம். எனக்கு அது பெருமையாக இருந்தது. அவன் பொட்டு வைத்தது என் வேலைக்கு என்று நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் சீசன் கடைசியில் சாரல் விடாமல் அடித்தது. ஷெட்டு ஒழுகியதால் தார்ப்பாய் எடுக்க லாட்ஜின் சாமான் அறைக்குப் போனேன். பழைய தலையணைகள், கெட்டுப்போன கீசர்கள், அவற்றுக்கு அடியில் ஒரு சாக்கு. தூக்கினால் கனத்தது. அவிழ்த்தேன். உள்ளே நான்கு உருளைகள், ஒவ்வொன்றிலும் என் மஞ்சள் கோடு.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவன் மனைவி மங்களேஸ்வரி டீயோடு வந்துவிட்டாள். நல்ல பெண். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"ஐயோ, இத இங்கனயா போட்டு வச்சிருக்காவ" என்றாள். "தப்பா நெனைக்காதீய அண்ணே. நீங்க ஒவ்வொண்ணா செஞ்சு மாட்டிட்டுப் போனதும், அடுத்த வாரமே மதுரைக்குக் கொண்டுபோயி கம்பெனி சாமான் போட்டுட்டு வந்துருவாவ. குடும்பத்தோட போற வண்டில்லா, பயந்தான். ஒங்கட்ட சொன்னா மனசு நோவும்னு சொல்ல மாட்டாவ. 'பாவம், பொண்டாட்டியும் போயிட்டா, அவனுக்கு வேற என்ன இருக்கு, சனிக்கிழம வந்து நோண்டிட்டுப் போட்டும்'னு சொல்லுவாவ. நான் சொன்னேன்னு அவாகிட்டச் சொல்லிராதீய."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கம்பெனி உருளைகள் பளபளக்காமல் இருக்கப் பழைய ஆயிலைத் தடவியிருந்தான். நட்டுகளின் மேல் மஞ்சள் கோடும் இருந்தது. அவனே போட்டிருக்கிறான். அவன் கை லேசாக நடுங்கும், கோடு நெளிந்திருந்தது. தொந்தரவு இல்லாத வண்டியை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அத்தனை சனிக்கிழமைகளும் நான் அந்த நெளிந்த கோடுகளைத்தான் துணியால் துடைத்துவிட்டு, நம் வேலை எப்படி நிற்கிறது பார் என்று பூரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

மேடம், நான் கோபக்காரன் இல்லை. அவன் என் வீட்டைப் பிடுங்கியிருந்தால்கூட ஒருநாள் சண்டை போட்டுவிட்டு மறுநாள் பேசியிருப்பேன். அவன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். சின்னப் பிள்ளை கையில் சாவி இல்லாத பூட்டைக் கொடுத்து விளையாட விடுவதுபோல என்னை விட்டிருந்தான். வெளியே பெருமை பேசி, வீட்டுக்குள் 'பாவம்' சொன்னான். எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் வேலை நிற்குமா நிற்காதா என்று பார்த்துவிட வேண்டும்.

சாக்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான்கு உருளைகளையும் பிரித்துக் கழுவிப் புது வளையம் போட்டேன். பூஜைக்கு முந்தின சனிக்கிழமை, ஆயில் மாற்ற வேண்டும், வண்டி என் வீட்டில் நிற்கட்டும் என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தான். மதுரைச் சாமானைக் கழற்றி அதே சாக்கில் போட்டுவிட்டு என்னுடையதை மாட்டினேன். புளியரை மலையில் ஏறி எல்லா வளைவிலும் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெயாக ஓடியது. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பூஜையன்று காலை வண்டியைக் கழுவி, ஷெட்டில் நிறுத்தி, முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு எஞ்சினை அணைத்தேன். கட்டைகள் சுவரோரமாகச் சாய்ந்திருந்தன. குத்தாலிங்கம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தான். புது வேட்டி. குனிந்து பார்த்தான்.

"கட்ட வைக்கலியாலே?"

"ஏன், நம்ம வேல மேல நம்பிக்க இல்லயோ?" என்றேன்.

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல அவனால் முடியாது, நீங்களே யோசித்துப் பாருங்கள். சொன்னால் எனக்கு வலிக்கும். பயப்படவும் அவனுக்குக் காரணமில்லை, அடியில் இருப்பது கம்பெனி சாமான் என்றுதான் அவன் நினைப்பு. சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்து உள்ளே போனான்.

நான் முன்பக்கம் திறந்திருந்த பானெட்டருகே நின்றேன். உருளைகளுக்கு ஆயிலை ஏற்றும் பம்பின் மேல் பிரஷரை இறக்க ஒரு திருகு உண்டு. அதைத் தளர்த்தினால் ஆயில் டேங்குக்குத் திரும்பும், வண்டி தரையோடு உட்காரும். பழுது பார்க்கிறவர்களுக்காக வைத்தது அது. நான் அதைத் தொடவில்லை. சக்கரத்துக்கு மேலே இருக்கும் இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டு வைத்தான், இரண்டாவது வைத்தான். வண்டி நூலளவுகூட இறங்கவில்லை. என் வேலை நின்றது. அவன் வெளியே வந்ததும், நீ பொட்டு வைத்தது என் சாமானுக்குலே என்று சொல்லிச் சாக்கைக் காட்ட வேண்டும், அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அந்த நிமிஷம் வரை என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

அப்போது அடியிலிருந்து அவன் குரல் வந்தது.

"மக்கா, கல்லு மாதிரி நிக்கி. நீ செஞ்சதுல்லா!"

டீக்கடையில் சொல்கிற அதே குரல். நெளிந்த கோட்டைப் போட்டுவிட்டு எத்தனையோ சனிக்கிழமை என்னிடம் சொன்ன அதே குரல். அன்று அவன் சொன்னது உண்மைதான், ஆனால் அது அவனுக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லும்போதும் அவன் எனக்குப் பொய்தான் சொன்னான். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஸ்பேனர் கையிலேயே இருந்தது. திருகைத் தளர்த்தினேன். வண்டி எப்போதும்போல ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான் என்று நினைக்கிறேன். ஆயில் ஓடுகிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. பிறகு திருகை முறுக்கி, அதன்மேல் மஞ்சள் கோடு இழுத்துவிட்டுத்தான் மங்களேஸ்வரியைக் கூப்பிட்டேன். அன்றைக்கு உங்கள் ஆட்கள் பானெட்டுக்குள் அந்தத் திருகில் விரல் வைத்துப் பார்த்திருந்தால் ஈரப் பெயின்ட் ஒட்டியிருக்கும்.

ஆகவே மதுரைக்காரர் சொன்னது தவறு. உருளை தாங்கவில்லை என்று எழுதாதீர்கள். வண்டி உங்கள் ஸ்டேஷன் பின்புறம்தான் நிற்கிறது. எஞ்சினைப் போட்டு முழு உயரத்துக்கு ஏற்றி, அணைத்துவிட்டுப் பாருங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கும். ஒரு சொட்டு தரையில் விழுந்தால் நான் சொன்னது எல்லாமே பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கசிந்தது என்று மட்டும் எழுத விடமாட்டேன்.

மங்களேஸ்வரியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், மேடம். அன்று அவள் புருஷன் பொட்டு வைக்கப் போன நான்கும் இந்த அண்ணன் செய்தவைதான், கடைசிவரை அசையாமல் நின்றன என்று சொல்லுங்கள். அவளுக்கும் அது ஓர் ஆறுதலாக இருக்கும்.